யுரேனியத்தின் ஐந்தாவது சீட்டு

யுரேனியத்தையே அடக்கி உட்கார வைத்த இரும்புச் சட்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவில் தேடாதீர்கள், ரஷ்யாவிலும் கிடையாது. திண்டிவனத்தில் என் வீட்டுத் தோட்டத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. சட்டி என் மனைவி பூமாலையுடையது. அடக்கியவன் நான்.

சிரிக்கலாம். எங்கள் தெருவே சிரித்தது, பிறகு எங்கள் தெருவே நம்பியது. நம்பமாட்டேன் என்று கடைசிவரை நின்றவர் ஒரே ஒருவர்தான். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், டாக்டர் கலையரசி. என் மகள் ரோஜாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. தராசு முள்ளுக்குச் சேலை கட்டிவிட்டது போல இருப்பார்.

என் பெயர் சவுரிராயன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தரம் பார்த்து ஓய்வு பெற்றவன். மூட்டைக்குள் கைவிட்டு நாலு காய் எடுத்துக் காதருகே குலுக்குவேன். கலகலவென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். அப்புறம்தான் ஈரமானியில் போட்டுப் பார்ப்பார்கள். கருவி என்னோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் கருவியை ரிப்பேருக்கு அனுப்புவார்கள். இதெல்லாம் சின்ன விஷயம். நெடுஞ்சாலையில் மல்லாட்டை லாரி போகிற சத்தத்தை வைத்தே, படுத்த இடத்திலிருந்து, ஈரம் எட்டு சதவீதமா ஒன்பதா என்று சொல்லிவிடுவேன். கல்லூரி விழா ஒன்றில் இதைக் கலையரசி மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எத்தனை சதவீதம் பிழையோடங்க?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஆகாது.

ரோஜா தன் வேலையை எனக்கு இருபது முறை விளக்கினாள். இருபத்தோராவது முறை நான் அவளுக்கு விளக்கினேன். யுரேனியம் என்றதும் குண்டு, உலை என்று ஓடவேண்டாம். அவளிடம் இருந்தது பூட்டிய அலமாரியில் சில கிராம் உப்பு. வாயில் போனால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பதால், கையுறை போட்டு, புகை இழுக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் தொடுவாள்.

இந்த யுரேனியத்துக்குத் தலைமாட்டில் ஒரு ஆக்சிஜன், கால்மாட்டில் ஒரு ஆக்சிஜன். இரண்டும் இறுக்கிப் பிடித்திருக்கும், அசையாது. இடுப்பைச் சுற்றித்தான் இடம் காலி. ஐந்து சீட்டு. நாலு கை உள்ள ஒரு பெரிய மூலக்கூறு வந்து நாலு சீட்டை ஒரே ஆளாகப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் ஒன்று. அந்த ஐந்தாவது சீட்டில் கந்தகத்தை உட்கார வைக்கவேண்டும். யுரேனியத்துக்குப் பிடித்த சொந்தம் ஆக்சிஜன்தான். கந்தகம் வேண்டாத உறவு. வேண்டாதவனைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பிணைப்பு எப்படி இருக்கிறது, தலைமாட்டு ஆக்சிஜனின் பிடி தளர்கிறதா இறுகுகிறதா என்று பார்ப்பதுதான் ரோஜாவின் ஐந்தாவது அத்தியாயம்.

இடைஞ்சல் தண்ணீர். சென்னை பஸ் திண்டிவனம் நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடிக்கிறவன் இருக்கிறான் அல்லவா, அவன்தான் தண்ணீர். கந்தகம் படியில் கால் வைப்பதற்குள் ஐந்தாவது சீட்டில் துண்டு விழுந்திருக்கும். அதனால் தண்ணீர் சங்காத்தமே வேண்டாமென்று டொலுயீனில் வேலை. பெயிண்டுக் கடை வாசனை அடிக்கிற கரைப்பான். சீட்டுக்குச் சண்டை போடாது, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வரும் நல்ல பயணி. ஆனால் அந்த டொலுயீனுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒளிந்திருக்கும். அதை உறிஞ்சுவதற்கு ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன மணிகளைப் போட்டு இரண்டு நாள் வைப்பார்கள். மாலிக்குலர் சீவ் என்பாள் ரோஜா. நான் ஜவ்வரிசி என்பேன். அந்த மணிகளை முதலில் இருநூற்றைம்பது டிகிரிக்கு மேல் ஓவனில் சுட்டு, அவற்றின் வயிற்றிலிருக்கும் தண்ணீரை விரட்டினால்தான் அவை மறுபடி குடிக்கும். கல்லூரியில் ஓவன் ஒன்றுதான்.

போன மே மாதம் ஒருநாள் விழுப்புரத்தில் பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்தடை. முந்தின நாளே ரோஜா அரைக்கிலோ மணியைப் புதிதாகப் பிரித்து, ஒரு தகர டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“ப்பா, பஸ் ஸ்டாண்டாண்ட உன் ஃப்ரெண்டு பேக்கரி இருக்கில்ல? அவருகிட்ட சொல்லி ஓவன்ல நாலு மணி நேரம் வெச்சி எடுத்தாந்துடுப்பா. எதுக்குன்னு மட்டும் சொல்லிக்கினு இருக்காதே.”

“நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

துரைக்கண்ணுவின் பேக்கரியில் கூட்டம். டின்னை மேசைமேல் வைத்தேன்.

“இன்னா சவுரி, டின்னுல?”

சாதாரணமாகத்தான் கேட்டான். நான் நாலு பேரைப் பார்த்தேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என்னால் என்ன செய்ய முடியும்?

“யுரேனிய வேலைப்பா,” என்றேன், குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாக. “வெளிய வுட்றாத. டெல்லிக்குப் போற மேட்டரு.”

“யுரேனியமா? யோவ், உள்ள பன்னு வெந்துக்கினு இருக்குதுய்யா! தூக்கு அத்த. ஜல்தி கெளம்பு!”

“டேய், இது யுரேனியம் இல்லடா, யுரேனியத்துக்கு வேண்டிய ஜவ்வரிசி.”

“ஜவ்வரிசியோ சேமியாவோ, எங்கடைல வாணாம். பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ.”

டின்னோடு வீட்டுக்கு வந்தேன். ரோஜா புதுச்சேரிக்குப் போயிருந்தாள். பூமாலை மல்லாட்டை வறுக்கிற இரும்புச் சட்டி அடுப்படியில் இருந்தது. மணி என்ன, மல்லாட்டை என்ன, தண்ணீரை விரட்டுவதுதானே வேலை? தோட்டத்தில் மூன்று கல் வைத்து, சவுக்கு மிளார் போட்டுப் பற்ற வைத்தேன். சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு மல்லாட்டையை உள்ளே போட்டேன். நான் பத்து எண்ணுவதற்குள் கருகியது. அதை எடுத்து எறிந்துவிட்டு மணிகளைக் கொட்டிக் கிண்டினேன். ஒரு மணி நேரம்.

இறக்கி ஆறவைத்தேன். மல்லாட்டையை ஆறவிட்டுத்தான் மூடவேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்துப் பதத்துவிடும். அதே பழக்கம். கை கழுவி வந்து, துடைக்காமல், ஆறிப்போன மணியில் ஒரு பிடி அள்ளினேன். சுரீரென்று சுட்டது. ஆறினதை அள்ளினால் சுடுகிறது! ஈரக் கையிலிருந்த தண்ணீரைக் குடித்துத்தான் அது சூடாகிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. என் கைத் தண்ணீரைக் குடிக்கிறது என்றால் காற்றில் இருக்கிற ஈரத்தை விட்டுவைக்குமா? எல்லாவற்றையும் மறுபடி சட்டியில் கொட்டி இன்னும் அரைமணி வறுத்து, இந்தத் தடவை சூட்டோடு சூடாக டின்னில் போட்டு மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன்.

பூமாலை வந்து பார்த்தாள். “யோவ், அது என் சட்டி! கல்ல போட்டா வறுக்கிற?”

“கல்லு இல்ல பூமாலை, இது சயின்ஸு.”

“இன்னா சயின்ஸோ. இத்த நீயே தேய்க்கணும்.” கடைசியில் அவள்தான் மூன்று நாள் தேய்த்தாள்.

ரோஜாவிடம் “பேக்கரியில முடிஞ்சிச்சும்மா” என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பேக்கரியில் பீற்றிக்கொண்டதையும் சொல்லவேண்டி வரும்.

நாலைந்து நாள் கழித்து ஆய்வகத்திலிருந்தே போன் செய்தாள். “ப்பா! செவப்பு! செவப்பு வந்திடிச்சிப்பா!”

தண்ணீர் உட்கார்ந்தால் மஞ்சள். கந்தகம் உட்கார்ந்தால் குங்குமச் சிவப்பு. உலகத்தில் யாரும் பார்க்காத சிவப்பு என்று நான் சொல்வேன். இந்த வகையில் யாரும் அறிவிக்காத சேர்மம் என்று அவள் சொல்வாள். படிகம் ஊசிமுனை அளவுதான். எந்தச் சீட்டில் யார் என்று காட்டுகிற எக்ஸ்ரேக்கு அனுப்புவதற்குள் காற்றுப்பட்டு மஞ்சளாகிவிட்டது. மிஞ்சியது கைப்பேசியில் ஒரு படமும், அகச்சிவப்புக் கருவி வரைந்த ஒரு தாளும். அந்தத் தாளில் மூவாயிரத்து நானூறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், தண்ணீர் இருந்தால் தொப்பை மாதிரி ஒரு பெரிய வளைவு வரும். அன்றைய தாளில் தொப்பை இல்லை.

அதற்குப் பிறகு ஏழு தடவை செய்தாள். ஏழும் மஞ்சள். ஏழிலும் தொப்பை.

கலையரசி மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலைம்மா. திரும்ப வரலைன்னா அது நடக்கலைன்னுதான் வெச்சிக்கணும். படத்துல எந்தச் செவப்பும் கொண்டாரலாம்,” என்றாராம். ஆய்வேட்டைக் கொடுக்க மாதக் கடைசிதான் கெடு. ஆறு வருடக் காலம் முடிந்துவிட்டது, நீட்டிப்பும் கிடையாது. ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதில் ஆய்வேடு நிற்காது.

அன்று மத்தியானம் ரோஜா கேப்பைக் களியை உருட்டிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“பொய்யின்னு நெனைக்கிறாங்கப்பா. வாயால சொல்லல. ஆனா நெனைக்கிறாங்க.”

“ரோஜா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த டின்னு…”

“ப்பா, உன் கதைய கேக்குற நெலமைல நான் இல்லப்பா இப்ப.”

“கதை இல்லடி,” என்றாள் பூமாலை, குழம்பை ஊற்றிக்கொண்டே. “பேக்கரிக்காரன் தொரத்தி வுட்டான். உங்கப்பாதான் என் சட்டில போட்டு வறுத்துச்சி. மூணு நாளு தேய்ச்சவ நான்.”

ரோஜா கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னை நம்பியிருக்கமாட்டாள். சட்டியைத் தேய்த்தவளை நம்பித்தானே ஆகவேண்டும்?

“எத்தினி நேரம்? மூடினது சூட்டோடவா? கை சுட்டிச்சா, ஈரக் கையா?” என்று அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகம் விழுந்துவிட்டது. “பேக்கரின்னு எழுத வெக்கப்பட்டு, நோட்டுல ‘ஓவன், இருநூத்தம்பது டிகிரி’ன்னு எழுதி வெச்சினு இருக்கேன்ப்பா.”

ஆக, அப்பன் ஒரு பொய், மகள் ஒரு பொய். எங்கள் குடும்பத்தில் உண்மை பேசியது சட்டி ஒன்றுதான்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் விழுப்புரம் போனோம். சட்டைப்பையில் ஒரு பிடி பச்சை மல்லாட்டை போட்டுக்கொண்டேன். கைக்குப் பழக்கமான பொருள் ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

கலையரசி மேடம் எல்லாவற்றையும் கேட்டார். நான் சொன்னது கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். தீ தென்னை உயரம் எழும்பியது என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“உங்க ஓவன்ல சுட்ட மணி கொஞ்சம் குடுங்க மேடம்,” என்றேன். குழாயில் கையை நனைத்து வாங்கினேன். சில்லென்று கிடந்தது. “பாருங்க, சுடவேயில்ல. இதுக்கு வயிறு ரொம்பிக் கெடக்கு. இது எப்பிடி டொலுயீன்ல இருக்குற தண்ணியக் குடிக்கும்?”

“உங்க கை தெர்மாமீட்டர் இல்லைங்க.”

“சரி. இந்த ஓவன்ல இப்ப எத்தினி டிகிரி?”

அவர் திருகைப் பார்த்தார். முள் இருநூற்றைம்பதில் நின்றது. நான் சட்டைப்பையிலிருந்து மல்லாட்டையை எடுத்தேன்.

“லேப்ல சாப்பாட்டுப் பொருள் கூடாதுங்க சார்.”

“இது சாப்பாடு இல்லிங்க மேடம், கருவி.”

எதற்கு அனுமதித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கண்ணாடித் தட்டில் எட்டுக் காய் வைத்து உள்ளே தள்ளினோம். கேன்டீனில் டீ குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். காய்கள் போட்டபடியே வெளுப்பாக, சூடாகக் கிடந்தன. ஒன்றை உடைத்துக் காட்டினேன். பருப்பில் வறுத்த நிறமே இல்லை.

“இருநூத்தம்பதுல ஒரு மணி நேரம் இருந்திச்சின்னா மேடம், இது மல்லாட்டை இல்ல. அடுப்புக்கரி.”

அவர் உடைந்த பருப்பை வாங்கி முகர்ந்தார். ஓவனின் உச்சியைப் பார்த்தார். அங்கே ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு, காய்ந்து கறுத்து உட்கார்ந்திருந்தது. அக்டோபரில் வைத்தது. சாமிக்கு வைத்ததை யார் எடுப்பார்கள்? அதற்கு நேர் கீழேதான் வெப்பமானி செருகுகிற ஓட்டை. நான் வேறு வேதக்காரன், கிறிஸ்தவன், கைவைக்கத் தயங்கினேன். மேடமே பழத்தை இரண்டு கையாலும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வெப்பமானியைச் செருகினார்.

நூற்றெட்டு.

“பூஜைக்கு ஏத்த நம்பருதாங்க,” என்றேன்.

ரோஜா என் காலை மிதித்தாள்.

நடந்தது இதுதான். பூஜைக்காக ஓவனைத் துடைத்தபோது திருகைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். மறுபடி மாட்டும்போது, எண் தள்ளிப் போகும்படி, ஒரு வாக்காகத் திருப்பி அழுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஓவன் வாயால் இருநூற்றைம்பது சொல்லிக்கொண்டு வயிற்றில் நூற்றெட்டு வைத்திருந்தது. ரோஜா ஐந்தாவது அத்தியாயத்தைத் தொடங்கியது ஜனவரியில். அவள் சுட்ட மணியிலிருந்து ஒரு தடவைகூடத் தண்ணீர் வெளியேறவில்லை, சட்டியில் வறுத்த அந்த ஒரு தடவையைத் தவிர.

“பாத்தீங்களா மேடம்?” என்றேன்.

“ஓவன் பொய் சொல்லியிருக்கு. ஒத்துக்கிறேன். அதனால நீங்க சொல்றது உண்மைன்னு ஆயிடாதுங்க.”

ரோஜா முன்னால் வந்தாள். “மேடம், நோட்டுல நான் எழுதினதும் தப்புங்க மேடம். அன்னிக்கு அது நம்ம ஓவன் இல்ல. பேக்கரின்னு நெனச்சிக்கினு நம்ம ஓவன்னு எழுதினேன்.”

மேடம் வெப்பமானியைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஓவன சரிபண்ணி நாளைக்கே செவப்பு வரவெக்கலாம். அது போதாது. உன் தாளும் உன் படமும் அத்தியாயத்துல நிக்கணும்னா, அன்னிக்கு நடந்தது எதுவோ அதேதான் திரும்ப நடக்கணும். சார், என்ன செஞ்சீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. ஒரு வார்த்தை கூடுதலா இருந்தாலும் திருப்பிக் குடுப்பேன்.”

என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. “ஆயிரம் டிகிரியில் எரிமலை போல்” என்று தொடங்கினேன். அடித்தார். “சுமார் எண்ணூறு டிகிரி” என்று குறைத்தேன்.

“அளந்தீங்களா?”

“இல்லிங்க.”

“அப்ப எழுதாதீங்க.”

தென்னை உயரத் தீயை இடுப்பு உயரமாக்கினேன். அதையும் அடித்தார். நாலாவது தாளில் மிஞ்சியது ஒன்பது வரி. அதில், “போட்ட மல்லாட்டை நான் பத்து எண்ணுவதற்குள் கருகியது” என்ற வரிக்குக் கீழே மட்டும் கோடு போட்டார். தப்பு என்று நினைத்தேன்.

“இதுதாங்க சார் நல்ல வரி,” என்றார்.

சனிக்கிழமை காலை கலையரசி மேடம் திண்டிவனத்துக்கே வந்துவிட்டார். கையில் தூரத்திலிருந்தே சூட்டை அளக்கிற துப்பாக்கி மாதிரி ஒன்று. அதைப் பார்த்ததும் தெரு கூடிவிட்டது.

“யுரேனியம் வறுக்கிறாங்களாம்,” என்றது ஒரு குரல்.

“இல்லைங்க, இதுல யுரேனியமே இல்ல. இது வெறும் உலர்த்துற மணி,” என்று மேடம் பொறுமையாக விளக்கினார்.

“அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க,” என்றான், வேடிக்கை பார்க்க வந்த துரைக்கண்ணு. “கெவர்மெண்ட்டு ரகசியம். சவுரி அன்னிக்கே சொன்னான், டெல்லிக்குப் போறதுன்னு.”

ஒரு டாக்டர் பட்டம் பெற்றவரை யாரும் நம்பவில்லை, என்னை நம்பினார்கள். அந்தக் காலைப்பொழுதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மேடம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மிளாரைத் தள்ளிவிடுவதில் மும்முரமாக இருந்தேன்.

மல்லாட்டையைப் போட்டேன். அவர் எண்ணினார். ஒன்பதில் கருகியது. துப்பாக்கியைச் சட்டிக்குள் காட்டினார்.

“முன்னூத்திப் பன்னெண்டு.”

“ஆயிரம் இருக்கும்னு பாத்தேன்,” என்றேன்.

“முன்னூத்திப் பன்னெண்டுங்க.”

ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாகச் செய்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் குறித்தார். ஈரக் கையால் அள்ளுகிற கட்டம் வந்தபோது, “அது வேணாங்க” என்று ரோஜா சொல்வதற்குள் மேடமே கையை நனைத்துக்கொண்டு அள்ளி, உதறினார். விரலை ஊதிக்கொண்டே நேரத்தைக் குறித்தார். டின்னைச் சூட்டோடு மூடி டேப் ஒட்டியதும், அதன்மேல் தானே கையெழுத்துப் போட்டு, தன் பையில் வைத்து எடுத்துப்போனார். பூமாலை கொடுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை வாங்கி, “எந்தச் சட்டில வறுத்ததுங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பைக்குள் வைத்தார்.

இரண்டு நாள் டொலுயீன் இரண்டு பாட்டில்களில் ஊறியது. ஒன்றில், திருகைச் சரிசெய்யாமல் பழைய நூற்றெட்டிலேயே சுட்ட ஓவன் மணி, ஒன்றில் சட்டி மணி. செவ்வாய்க்கிழமை என்னையும் வரச் சொன்னார்கள். நாலு சீட்டு பிடித்த யுரேனியச் சேர்மத்தை ரோஜா முன்பே ஈரமில்லாமல் செய்து, கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வாயை உருக்கி மூடி வைத்திருந்தாள். நைட்ரஜன் சீறிக்கொண்டிருந்தது. இரண்டு குடுவையிலும் ஒரே அளவு, ஒரே நேரம். கந்தகத்துக்காரனை ஊசியால் செலுத்தினாள்.

ஓவன் குடுவை மஞ்சளாகவே இருந்தது. சட்டிக் குடுவையும் மஞ்சளாகவே இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ரோஜா என்னைப் பார்க்கவில்லை. சட்டியில் எங்கோ ஒரு துளி, மூடியில் எங்கோ ஓர் இடுக்கு, அன்று செய்து நான் எழுத மறந்த பத்தாவது வரி ஒன்று… எனக்குச் சொல்ல ஒரு கதையும் வரவில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து இப்படி ஆனதில்லை.

அப்புறம் சட்டிக் குடுவையின் அடியில், புகைமாதிரி, ஆரஞ்சு கிளம்பியது. கலக்கக் கலக்க மேலே ஏறியது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் குங்குமம் கரைத்தது போல ஆனது. பக்கத்துக் குடுவை மஞ்சளாகவே நின்றது.

ரோஜா உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணு,” என்றார் மேடம், எனக்கு முந்திக்கொண்டு. “ஒரு தடவை வர்றது தற்செயல்.”

அடுத்த வாரம் இன்னொரு டின். மறுபடி சிவப்பு. தாளில் தொப்பை இல்லை. இந்தத் தடவை படிகத்தை எண்ணெய்க்குள் அமுக்கிப் பத்திரமாகச் சென்னைக்கு எக்ஸ்ரேக்கு அனுப்பினாள் ரோஜா. “ரெண்டு,” என்றார் மேடம். மூன்றாவதற்கு எங்களை யாரையும் கூப்பிடவில்லை. என்னிடம் டின்னும் கேட்கவில்லை. மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ரோஜா சாப்பிடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், ஐந்தாவது அத்தியாயத்தை மட்டும் தனியாக ஒரு கோப்பில், எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வசதியாக.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சட்டி அன்று இரண்டாயிரம் டிகிரிக்குப் போனதைத் துரைக்கண்ணுவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேடம். நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், கலையரசி பேசறேங்க. ரோஜா போன் எங்கேஜ்டா இருக்கு. அத்தியாயத்த அப்படியே வெக்கச் சொல்லிடுங்க. சென்னையிலேர்ந்து படம் வந்திடிச்சி. அஞ்சாவது எடத்துல கந்தகந்தான்.”

“மூணாவது தடவ இன்னா ஆச்சிங்க மேடம்?”

“அத நானே செஞ்சேங்க. விழுப்புரம் கடைத்தெருவுல ஒரு இரும்புச் சட்டி வாங்கி, எங்க வீட்டு மாடில, உங்க ஒம்பது வரிய வெச்சிக்கினு நானே வறுத்தேன். செவப்பு. அதனால உலகத்துல ஒரே சட்டின்னு இனிமே சொல்லிக்கினு திரியாதீங்க. ரெண்டு ஆயிடிச்சி.”

“ரெண்டாயிரம் டிகிரிலயா மேடம் வறுத்தீங்க?” என்று துரைக்கண்ணு குறுக்கே கேட்டான்.

“முன்னூத்திப் பன்னெண்டு,” என்றார் மேடம். பிறகு, எனக்காக, மெதுவாக: “ஆனா நடந்திச்சிங்க சார். அன்னிக்கு உங்க தோட்டத்துல நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்திச்சி.”